அளக்கிறதா, கணக்குப் போடுகிறதா?

பெரியப்பா ஓய்வு பெறும் வரை ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியவர். டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. உள்ளே போகும்போது எடை, வெளியே வரும்போது எடை, பிரஷர், எவ்வளவு தண்ணீர் எடுத்தார்கள், வீட்டில் எவ்வளவு குடித்தார் என்று எல்லாவற்றையும் ஒரு நீள நோட்டில் எழுதி வைப்பார். சில மாதங்களுக்கு முன் அந்த நோட்டில் அவருக்குப் பிடிபடாத ஓர் எண் வந்து சேர்ந்தது. அவரைப் படுக்க வைத்து, ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்து வைத்த இடம்) இல்லாத கையில் இரண்டு, அதே பக்கக் காலில் இரண்டு என்று நான்கு பட்டைகளை ஒட்டி, சின்னக் கருவி ஒன்றை மாட்டியிருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் டெக்னீஷியன், "ஐயா, உடம்புல 2.4 லிட்டர் தண்ணி கூடுதலா இருக்கு" என்றாராம். பெரியப்பா அன்று மாலை எனக்கு போன் செய்து கேட்டது ஒரே கேள்விதான். "தம்பி, நீ பேட்டரிக்குக் கரண்டு விட்டுப் பார்க்கிற ஆளுதானே. இந்த மிஷின் தண்ணிய அளக்குதா, இல்ல கணக்குப் போட்டுச் சொல்லுதா?"

"ரெண்டும்தான் பெரியப்பா" என்றேன். சரி என்று போனை வைத்துவிட்டார். ஆனால் கணக்கு எழுதியே வாழ்ந்த மனிதருக்கு அந்தப் பதில் போதாது. எனக்கும் போதவில்லை. எதுவரை அளவு, எங்கிருந்து கணக்கு, நடுவில் யாருடைய ஊகம் உள்ளே வருகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாவிட்டால் அது பதிலே இல்லை. நான் கோவையில் மின்வண்டி பேட்டரிகளைச் சோதிக்கும் ஓர் ஆய்வகத்தில் இருக்கிறேன். இம்பீடன்ஸ் ஸ்பெக்ட்ராஸ்கோபி, அதாவது மாறுதிசை மின்னோட்டத்துக்கு ஒரு பொருள் வெவ்வேறு அதிர்வெண்களில் எவ்வளவு தடை காட்டுகிறது என்று பார்ப்பது, என் அன்றாட வேலை. அதே முறையை என் வீட்டு மனிதர் ஒருவரின் உடம்பில் செய்து, அந்த எண்ணை வைத்து அவரிடமிருந்து எவ்வளவு தண்ணீர் எடுப்பது என்று முடிவு செய்கிறார்கள் என்றதும், இத்தனை நாள் மேலோட்டமாகத் தாண்டிப் போன விஷயங்களையெல்லாம் மறுபடி உட்கார்ந்து யோசிக்க வேண்டியதாயிற்று.

டயாலிசிஸ் நோயாளி உள்ள வீடுகளில் ட்ரை வெயிட் பற்றி, அதாவது கூடுதல் தண்ணீரை எடுத்த பிறகு இருக்க வேண்டிய இலக்கு எடையைப் பற்றி, யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்த எடையைக் கூடுதலாக வைத்துவிட்டால் உடம்பில் தண்ணீர் தங்கும். கால் வீங்கும், இரவில் படுத்தால் மூச்சு வாங்கும், இதயம் கொஞ்சம் கொஞ்சமாகச் சோர்ந்துபோகும். குறைவாக வைத்துவிட்டால் டயாலிசிஸ் நடுவிலேயே பிரஷர் இறங்கும், கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், வீடு வந்தும் நாள் முழுக்க எழுந்திருக்க முடியாது. அனுபவமுள்ள டாக்டர்கள் கணுக்காலை அழுத்திப் பார்த்து, கழுத்து நரம்பைப் பார்த்து, பிரஷரைப் பார்த்து, கொஞ்சம் இறக்கி, கொஞ்சம் ஏற்றித்தான் அந்த எடைக்கு வந்து சேர்கிறார்கள். இதில் ஒரு கருவி உதவ முடியுமென்றால் அது பெரிய விஷயம். அதனாலேயே அது என்ன சொல்கிறது என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு இவ்வளவு பிடிவாதம்.

கருவி செய்வது இதுதான். ஒரு மில்லியாம்பியருக்கும் குறைவான மாறுதிசை மின்னோட்டத்தை வெளிப்புறப் பட்டைகள் வழியே உடம்புக்குள் விடுகிறது. உள்பக்கப் பட்டைகளில் மின்னழுத்தத்தைப் பார்க்கிறது. மின்னோட்டத்துக்கு ஒரு ஜோடி, மின்னழுத்தத்துக்கு வேறொரு ஜோடி. இப்படிப் பிரிக்காவிட்டால் தோலும் பட்டையும் சேரும் இடத்தின் தடை எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும். பேட்டரியிலும் நாங்கள் நான்கு கம்பிதான் வைக்கிறோம், அதே காரணத்துக்காக. இதை ஒரே அதிர்வெண்ணில் செய்தால் ஓர் எண்தான் கிடைக்கும். பெரியப்பாவுக்கு வைத்த வகைக் கருவி 5 கிலோஹெர்ட்ஸிலிருந்து 1000 கிலோஹெர்ட்ஸ் வரை 50 அதிர்வெண்களில் அளக்கிறது. ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் தடை எவ்வளவு, மின்னோட்டத்துக்கும் மின்னழுத்தத்துக்கும் நடுவே கட்டம் எவ்வளவு விலகுகிறது (ஒன்று ஏறி இறங்குவதற்கு மற்றது எவ்வளவு முன்பின் ஆகிறது) என்ற இரண்டும் கிடைக்கும். அவற்றைப் புள்ளிகளாக வைத்தால் திரையில் ஒரு வில் உருவாகும். ஸ்பெக்ட்ராஸ்கோபி என்பது அந்த வில்தான். 2.4 லிட்டர் என்ற எண் அதிலிருந்து வெகுதூரம் நடந்து வந்த ஒன்று.

சவ்வைப் பார்க்காமலே

வில் ஏன் வருகிறது? உடல் செல்லின் உள்ளேயும் வெளியேயும் உப்புத் தண்ணீர். இரண்டும் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். நடுவில் இருக்கும் சவ்வு கொழுப்பு, அது கடத்தாது. ஆனால் மிக மெல்லியது என்பதால் மின்தேக்கியாக வேலை செய்யும். அதிர்வெண் குறைவாக இருக்கும்போது மின்னோட்டம் ஆற்றுப் பாறைகளைச் சுற்றி ஓடும் தண்ணீரைப் போல செல்களைச் சுற்றி, வெளியே உள்ள திரவத்தில் மட்டும் ஓடுகிறது. அதிர்வெண் ஏற ஏறச் சவ்வின் மறிப்பு குறைந்து, மின்னோட்டம் செல்லுக்குள்ளும் புகுந்து போகிறது. அதனால் வில்லின் வலது முனை, அதாவது குறைந்த அதிர்வெண் பக்கம், வெளித் திரவத்தை மட்டும் சொல்கிறது. இடது முனை உள்ளும் புறமும் சேர்ந்த மொத்தத் தண்ணீரைச் சொல்கிறது.

இந்தப் புரிதலுக்கு நூறு வயது ஆகிவிட்டது. டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் வேலை பார்த்த ஹ்யூகோ ஃப்ரிக்கே 1925இல் நாயின் சிவப்பணுக்களைத் திரவத்தில் மிதக்கவிட்டு, வெவ்வேறு அதிர்வெண்களில் அளந்தார். சவ்வின் மின்தேக்குத் திறன் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.81 மைக்ரோஃபாரட் என்று வந்தது. அதிலிருந்து சவ்வின் தடிமன் சுமார் 3.3 நானோமீட்டர் என்றார். சவ்வை அதுவரை ஒருவரும் கண்ணால் பார்த்ததில்லை. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அது தெளிவாகத் தெரிவதற்கு 1950கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தக் கதையை நான் பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் எனக்கே சிலிர்க்கும். ஆனால் பெரியப்பாவின் கேள்விக்குப் பிறகு அதே கதையில் வேறொரு வரி கண்ணில் பட்டது. 0.81 என்பது அளவு. 3.3 என்பது அளவு அல்ல. சவ்வின் மின்காப்பு மாறிலி (மின்னேற்றத்தைத் தேக்க ஒரு பொருள் எவ்வளவு உதவும் என்று சொல்லும் எண்) 3 ஆக இருக்கும் என்று, எண்ணெய்ப் பொருட்களுக்கு இருப்பதை வைத்து, ஃப்ரிக்கே எடுத்துக்கொண்டார். அந்த 3 சரியாக இருந்தால் தடிமனும் சரி. அது நியாயமான ஊகம், கொழுப்பு அடுக்கின் தடிமனுக்கு அவர் மிக அருகில் போனார். ஆனாலும் அது வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்த்த எண்.

இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. 1939இல் கென்னத் கோலும் ஹோவர்ட் கர்ட்டிஸும் வுட்ஸ் ஹோலில் கணவாயின் பெரிய நரம்பிழையை எடுத்து, நரம்புத் துடிப்பு ஓடும் அந்தக் கணத்தில் சவ்வின் இம்பீடன்ஸ் என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். கடத்துதிறன் சுமார் 40 மடங்கு எகிறியது. மின்தேக்குத் திறனோ ஏறக்குறைய அப்படியே இருந்தது, 2 சதவீதம்தான் மாற்றம். சவ்வு கட்டுக்கோப்பு கலையாமல் நிற்கிறது, அதில் அயனிகள் போகும் வழி மட்டும் திறந்து மூடுகிறது என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிட்டன. இங்கே எந்த மாறிலியையும் வெளியிலிருந்து கடன் வாங்கத் தேவைப்படவில்லை. ஒரே இழை, முன்னும் பின்னும், எது மாறியது எது மாறவில்லை என்ற ஒப்பீடு மட்டும்தான். இம்பீடன்ஸ் அளவீடு எங்கே உண்மையில் பலமானது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

பேட்டரியிலும் நாங்கள் நம்பிச் செய்வது இதைத்தான். ஒரு லித்தியம் செல்லை எடுத்து, 10 கிலோஹெர்ட்ஸில் ஆரம்பித்து 10 மில்லிஹெர்ட்ஸ் வரை இறங்குவோம். கடைசிப் புள்ளியில் ஒரு சுற்று முடியவே 100 வினாடி ஆகும், அதனால் ஒரு செல்லுக்கே நிறைய நேரம் போகும். கொடுக்கும் அசைவும் சில மில்லிவோல்ட்தான். அறை வெப்பநிலையில் 25 மில்லிவோல்ட் என்பது மின்வேதியியலில் ஓர் எல்லைக்கோடு. அதற்கு வெகு கீழே நின்றால்தான் செல் நேர்விகிதத்தில் பதில் சொல்லும். அளக்கும் நேரம் முழுக்க செல் மாறாமலும் இருக்க வேண்டும். சார்ஜ் செய்து உடனே அளந்தால் மேல் அதிர்வெண்ணில் ஒரு செல்லையும் கீழ் அதிர்வெண்ணில் வேறொரு செல்லையும் பார்த்த மாதிரி ஆகிவிடும். எண்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்க்கும் கிராமர்ஸ்–க்ரோனிக் சோதனையில் போட்டால் அந்தக் குட்டு வெளிப்பட்டுவிடும். கிடைக்கும் வரைபடத்தில் முதலில் மின்பகுளியின் (செல்லுக்குள் அயனிகளைக் கடத்தும் திரவத்தின்) தடை, அப்புறம் ஒன்றிரண்டு வில், கடைசியில் 45 டிகிரியில் ஏறும் கோடு. அந்தக் கோடு அயனிகள் மெல்லப் பரவுவதால் வருவது. எமில் வார்பர்க் 1899லேயே அதன் கணக்கைப் போட்டுவிட்டார். வோல்ட்மீட்டரில் ஒரே மாதிரி தெரியும் இரண்டு பழைய செல்களில் எது இன்னும் நாலு வருஷம் உழைக்கும், எது அடுத்த கோடையைத் தாண்டாது என்பதற்கு அந்த வில்லின் அகலம் நல்ல தடயம். வில் அகலமானால் செல் கிழடாகிக்கொண்டிருக்கிறது. வில் சுருங்கினால், வெப்பநிலை அதேதான் என்றால், நல்ல சேதி.

ஒரே வில், இரண்டு சுற்றுகள்

இப்போது என்னை உண்மையிலேயே நிறுத்திய இடத்துக்கு வருகிறேன். அடுத்த முறை ஊருக்குப் போனபோது பெரியப்பாவோடு டயாலிசிஸ் பிரிவுக்குப் போயிருந்தேன். டெக்னீஷியன் நல்ல பையன். கேட்டதும் கருவியில் சேமித்து வைத்திருந்த பழைய அளவையும் புதிய அளவையும் எடுத்துக் காட்டினார். "சார், நாங்க இந்த வில்லு ஒழுங்கா வந்திருக்கான்னு மட்டும் பார்ப்போம், அப்புறம் லிட்டர எழுதிடுவோம்" என்றார். பழைய அளவில் வலது முனை 560 ஓம், இடது முனை 371 ஓம். புதியதில் வலது முனை 556, இடது முனை 398. இரண்டு அளவுக்கும் நடுவில் கூடுதல் தண்ணீர் என்று கருவி சொன்ன எண் நன்றாகவே ஏறியிருந்தது. ஆனால் வலது முனையைப் பாருங்கள். வெளித் திரவத்தின் தடை 560லிருந்து 556. கிட்டத்தட்ட அசையவே இல்லை. வெளியே தண்ணீர் சேர்ந்திருந்தால் தெரிய வேண்டிய இடம் அதுதான். அங்கே ஒன்றும் நடக்கவில்லை. நகர்ந்தது இடது முனை.

அன்று இரவு தாளில் எழுதிப் பார்த்தேன். பேட்டரிக்காரனின் வழக்கப்படி இந்த வில்லை வாசித்தால் என்ன வரும்? ஒரு தடை, அதற்குத் தொடராக, ஒரு தடையும் மின்தேக்கியும் பக்க இணைப்பில். மின்பகுளியும் மின்முனையும் இருக்கும் அமைப்பு அதுதான். அப்படி வாசித்தால் பழைய அளவு 371 ஓமும் 189 ஓம் வில்லும். புதியது 398 ஓமும் 158 ஓம் வில்லும். வில் சுருங்கியிருக்கிறது, நிலைமை தேறியிருக்கிறது என்று பேட்டரி அறிக்கையில் எழுதலாம். உடம்புக்கான மின்சுற்று வேறு. அங்கே வெளித் திரவம் ஒரு பாதை, அதற்குப் பக்க இணைப்பில் சவ்வும் உள் திரவமும் சேர்ந்த இன்னொரு பாதை. அப்படி வாசித்தால் பழையது வெளியே 560, உள்ளே 1100. புதியது வெளியே 556, உள்ளே 1400. அதாவது வெளித் தண்ணீர் அப்படியே இருக்கிறது, உள் தண்ணீரின் தடை கால் பங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. உள் தண்ணீர் குறைந்திருக்கிறது என்றால் செல்கள் குறைந்திருக்கின்றன. பெரியப்பா தசையை இழந்துகொண்டிருந்தார்.

இதில் முக்கியமானது என்னவென்றால், இந்த இரண்டு சுற்றுகளும் கொஞ்சம் ஒத்துப்போகின்றன என்பதில்லை. மின்தேக்கியின் மதிப்பைப் பொருத்தமாக எடுத்தால், எல்லா அதிர்வெண்ணிலும், கடைசித் தசமம் வரை ஒரே வில்லைத்தான் இரண்டும் தரும். இன்னும் நுட்பமான கருவி வாங்கினாலும், 50க்குப் பதில் 5000 அதிர்வெண்களில் அளந்தாலும், வெளியே நின்று பார்க்கிற ஒருவரால் உள்ளே எந்தச் சுற்று இருக்கிறது என்று சொல்லவே முடியாது. பாடப்புத்தகத்தில் இது ஒரு வரியாக வரும், தேர்வுக்கு எழுதியும் இருக்கிறேன். ஒரே தாளில், ஒரே மனிதரைப் பற்றி, ஒரு வாசிப்பு தேறுகிறார் என்றும் இன்னொன்று கரைகிறார் என்றும் சொன்னபோதுதான் அந்த வரியின் கனம் தெரிந்தது. எந்தச் சுற்று என்ற அறிவு வில்லிலிருந்து வருவதில்லை. செல்லுக்குச் சவ்வு இருக்கிறது, அது இரண்டு திரவங்களைப் பிரிக்கிறது என்று நுண்ணோக்கியிலும் வேதியியலிலும் பார்த்துத் தெரிந்துகொண்டதால்தான் பக்க இணைப்புச் சுற்றைத் தேர்ந்தெடுக்கிறோம். பொருளைப் பற்றி முன்பே தெரியாதவருக்கு ஸ்பெக்ட்ரம் ஒன்றும் சொல்லாது. தெரிந்தவருக்கு மிக நுணுக்கமாகச் சொல்லும்.

மறுநாள் டாக்டரைப் பார்த்தோம். நான் மருத்துவன் அல்ல, அதனால் இரண்டு ஜோடி எண்களை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை நிதானமாகப் பார்த்துவிட்டு, பெரியம்மாவிடம் சாப்பாட்டைப் பற்றி விசாரித்தார். டயாலிசிஸுக்கு முன்னால், சிறுநீரகத்தைக் காப்பாற்றப் பார்த்த காலத்தில் கொடுத்த பத்தியத்தை வீட்டில் அப்படியே தொடர்ந்துகொண்டிருந்தார்கள். பருப்பு குறைவு, முட்டை கிடையாது, மீன் எப்போதாவது. டயாலிசிஸ் ஆரம்பித்துவிட்டால் கதை தலைகீழ். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும். ரத்தத்தில் அல்புமின் என்ற புரதமும் குறைவாகத்தான் இருந்தது. அந்தக் கூடுதல் தண்ணீரை எடுப்பதற்காக இலக்கு எடையை இறக்கிப் பார்த்த நாட்களில் பெரியப்பாவுக்குப் பிரஷர் விழுந்ததற்கும் கால் இழுத்ததற்கும் அதில் ஒரு விளக்கம் இருக்கிறது என்றார் டாக்டர். அல்புமின் குறைந்தால், திசுக்களில் நிற்கும் தண்ணீர் ரத்தக்குழாய்க்குள் திரும்பி வர மறுக்கும். டயாலிசிஸ் மிஷினோ ரத்தத்திலிருந்துதான் தண்ணீரை எடுக்க முடியும். பட்டை ஒட்டும் கருவிக்குச் செல்லுக்கு வெளியே என்பது ஒரே அறை. அது ரத்தக்குழாய்க்குள் இருக்கிறதா, வெளியே நிற்கிறதா என்று அதற்குத் தெரியாது.

லிட்டர் எங்கிருந்து வருகிறது

அப்படியானால் 2.4 என்ற எண்ணுக்கு வருவோம். ஓம் என்பதை லிட்டராக மாற்ற என்னென்ன கடன் வாங்குகிறார்கள் என்று வரிசையாகப் பார்த்தால் பெரியப்பாவின் கேள்விக்கு ஒரு நேர்மையான பதில் கிடைக்கும். முதலில் திரவத்தின் மின்தடைத்தன்மை எவ்வளவு என்று ஒரு மாறிலி. அப்புறம் உடம்பின் வடிவம். கை, கால், உடற்பகுதி என்று ஐந்து உருளைகளாக மனிதனை எடுத்துக்கொண்டு, உயரத்தை வைத்து அதற்கு 4.3 என்று ஒரு வடிவக் காரணி போடுகிறார்கள். இங்கேயே ஒரு சங்கடம் இருக்கிறது. உடம்பின் நிறையில் பாதி உடற்பகுதியில் இருக்கிறது. ஆனால் அது அகலமானது, குட்டையானது. மணிக்கட்டிலிருந்து கணுக்கால் வரை அளக்கும் மொத்தத் தடையில் அதன் பங்கு சுமார் 10 சதவீதம்தான். மீதி எல்லாம் மெலிந்த கையும் காலும். வயிற்றில் தண்ணீர் கோத்து நிற்கும் ஒருவரை அளந்தால் அந்தத் தண்ணீர் கருவிக்கு ஏறக்குறையத் தெரியாது.

இவ்வளவும் சேர்த்து வெளித் திரவம் எத்தனை லிட்டர் என்று வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் எவ்வளவு என்று சொல்ல, இவருக்கு எவ்வளவு இருக்க வேண்டும் என்றும் தெரிய வேண்டுமே! அதற்கு ஒரு கணக்கு மாதிரி (மாடல்) இருக்கிறது. ஆரோக்கியமானவர்களின் தசையில் எவ்வளவு தண்ணீர், கொழுப்புத் திசுவில் எவ்வளவு தண்ணீர் என்று அளந்து வைத்த விகிதங்கள். உள் தண்ணீரை வைத்துத் தசையைக் கணித்து, அந்தத் தசைக்கு உரிய வெளித் தண்ணீரைக் கழித்து, மிச்சத்தைக் கூடுதல் என்கிறார்கள். பெரியப்பாவுக்கு நடந்தது இங்கேதான். உள் தண்ணீர் குறைந்ததும் தசைக் கணக்கு குறைந்தது. அவருக்கு உரிய வெளித் தண்ணீர் கணக்கும் குறைந்தது. கழித்தால் மிச்சம் ஏறியது. கணக்கில் பிழையில்லை. கூடுதல் தண்ணீர் என்ற பெயரில் அது சொன்னது, பெரும்பாலும், இழந்த தசையைப் பற்றி. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டு பெரிய எண்களைக் கழித்து வரும் சின்ன எண் எப்போதுமே ஆட்டம் காணும். வெளித் திரவம் 16 லிட்டர் என்றால் அதில் 5 சதவீதப் பிசகு 0.8 லிட்டர். ஆரோக்கியமானவர்களிலேயே இந்தக் கூடுதல் எண் –1.1க்கும் +1.1க்கும் இடையில் இருப்பதைச் சாதாரணம் என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள்.

யாருடைய ஆரோக்கியம் என்பது அடுத்த கேள்வி. இந்த மாதிரிகளின் மாறிலிகள் பெரும்பாலும் ஐரோப்பியர்களை அளந்து வந்தவை. 2004இல் லான்செட் இதழில் புனேயைச் சேர்ந்த யாக்னிக்கும் லண்டனைச் சேர்ந்த யுட்கினும் தங்கள் இருவரின் படத்தையே போட்டு ஒரு குறிப்பு எழுதினார்கள். இரண்டு பேருக்கும் உடல் நிறை எண் 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். பார்வைக்கு ஒல்லியாக இருக்கும் நம்மவர்களின் உடம்பில் தசை குறைவு, கொழுப்பு அதிகம் என்பதற்கு அந்த ஒரு பக்கம் போதும். எடையையும் உயரத்தையும் வாங்கிக்கொண்டு கணக்குப் போடும் எந்தக் கருவியிலும் இந்த வித்தியாசம் எங்கேயோ ஒளிந்திருக்கிறது. ஜிம்மில் ஏறி நின்றதும் கொழுப்புச் சதவீதம் சொல்லும் எடைக்கருவிகளில் இன்னும் மோசம். அவை பெரும்பாலும் ஒன்றிரண்டு அதிர்வெண்களில் அளந்துவிட்டு, வயது, பாலினம், உயரம் என்று நீங்கள் கொடுத்த தகவலை வைத்தே மீதியை நிரப்பிவிடுகின்றன.

இதனால் இந்த எண்ணைத் தூக்கி எறிய வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. வெளித் திரவத்தில் 15 சதவீதத்துக்கு மேல் கூடுதல் தண்ணீரோடு இருந்த டயாலிசிஸ் நோயாளிகளில் இறப்பு அதிகம் என்று 2009இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது, அதற்குப் பிறகு வேறு பலரும் அதே திசையில் கண்டிருக்கிறார்கள். ஆபத்தில் இருப்பவர்களை இது அடையாளம் காட்டுகிறது. ஆனால் எண்ணைப் பார்த்து எடையைத் திருத்தினால் நன்மை உண்டா என்பது தனிக் கேள்வி. எந்தச் சிகிச்சை பயன்படும் என்று மதிப்பிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2017இல் இதை வழக்கமான சிகிச்சையில் சேர்க்கப் போதிய சான்று இல்லை என்றது. அங்கேயே நடந்த பிஸ்ட்ரோ என்ற பெரிய ஆய்வு 2023இல் வெளியானபோது, இந்தக் கருவியின் துணையோடு எடையை முடிவு செய்தவர்களுக்கும், கருவி இல்லாமல் கவனமாக முடிவு செய்தவர்களுக்கும், மிச்சமிருக்கும் சிறுநீரகச் செயல்பாட்டைக் காப்பாற்றுவதில் வித்தியாசம் தெரியவில்லை. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. ஆபத்தைக் காட்டும் எண்ணுக்குள் தண்ணீரும் இருக்கிறது, தசை இழப்பும் இருக்கிறது. இரண்டுக்கும் ஆபத்து உண்டு. தண்ணீரை எடுப்பது அதில் ஒன்றுக்குத்தான் மருந்து.

என் தீர்மானமான கருத்து இதுதான். இந்தக் கருவிகளின் அளவீடு அருமையானது, ஆனால் அறிக்கையில் அந்த அளவீடே இல்லை. கூடுதல் லிட்டர் என்று ஒற்றை எண்ணை பெரிதாகப் போட்டு, வெளித் தடை, உள் தடை என்ற இரண்டையும் பின்னால் ஏதோ ஒரு பக்கத்தில் ஒளித்து வைக்கிறார்கள். பேட்டரி ஆய்வகத்தில் இப்படி யாராவது ஆரோக்கியம் 83 சதவீதம் என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் நாங்கள் திருப்பி அனுப்பிவிடுவோம், வில்லைக் கொண்டு வா என்று. டயாலிசிஸ் பிரிவுகளில் டெக்னீஷியன்கள் அந்த இரண்டு தடைகளையும் மாதா மாதம் எழுதி வைத்தால் போதும். அதே ஆள், அதே பக்கம், பட்டைகள் அதே இடத்தில், டயாலிசிஸுக்கு முன், பத்து நிமிஷம் படுத்த பிறகு. எழுந்து நடந்துவிட்டு வந்து படுத்ததும் திரவம் காலிலிருந்து மேலே நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் அந்தப் பத்து நிமிஷம் முக்கியம். இப்படி எடுத்த இரண்டு எண்களில் வெளித் தடை இறங்கினால் தண்ணீர் ஏறுகிறது. உள் தடை ஏறினால் தசை போகிறது. கோலும் கர்ட்டிஸும் செய்த மாதிரி, ஒருவரை அவரோடு மட்டுமே ஒப்பிடும் வழி. 4.3 வேண்டாம், ஐரோப்பியரின் சராசரி வேண்டாம்.

இந்தத் திசையில் எனக்குப் பிடித்த வேலை நியூயார்க்கில் ஃபான்சான் ஜு குழுவினர் செய்தது. அவர்கள் முழு உடம்பையும் விட்டுவிட்டுக் கெண்டைக்காலில் மட்டும் பட்டைகளை வைத்து, டயாலிசிஸ் நடக்க நடக்க விடாமல் அளக்கிறார்கள். கூடுதல் தண்ணீர் வெளியேற வெளியேறத் தடை ஏறிக்கொண்டே போகும். கெண்டைக்காலில் எடுப்பதற்குக் கூடுதல் தண்ணீர் இல்லை என்ற நிலை வந்ததும் அந்த வளைவு தட்டையாகிவிடும். அதுதான் ட்ரை வெயிட் என்பதற்கான முதல் அடையாளம். தண்ணீர் சேரும் இடமும் புவியீர்ப்பினால் அங்கேதான், உடற்பகுதியின் சிக்கலும் இல்லை. வளைவு வேறு காரணத்தாலும் தட்டையாகலாம் என்பதால், திசுவின் மின்தடைத்தன்மை ஆரோக்கியமானவர்களின் வரம்புக்குள் வந்திருக்க வேண்டும் என்று இரண்டாவது நிபந்தனையும் வைத்திருக்கிறார்கள். அந்த இரண்டாவதில் மறுபடியும் யாரோ ஒருவரின் சராசரி உள்ளே வருகிறது. முதல் நிபந்தனை முழுக்க முழுக்க அளவு. இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே என்று அவர்களே வெளிப்படையாகப் பிரித்து வைத்திருப்பதுதான் எனக்கு அதில் பிடித்தது.

எங்கள் ஊரில் அந்த வசதி இல்லை. டாக்டர் பெரியப்பாவின் இலக்கு எடையை இறக்குவதை நிறுத்திவிட்டு, தினமும் முட்டை வெள்ளைக்கரு, வாரத்தில் சில நாள் மீன் என்று மாற்றியிருக்கிறார். போன மாத அளவில் வெளித் தடை 561, உள் தடை 1370. இதை முன்னேற்றம் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை, பட்டை கொஞ்சம் நகர்ந்திருந்தாலும் இந்த அளவு மாற்றம் வரும். இன்னும் சில மாத எண்கள் சேரட்டும்.